மென்டரிடம் என்ன கேட்பது? தரவு அறிவியல் மாணவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி: எம்.எஸ்ஸி. தரவு அறிவியல் முதலாமாண்டு படிக்கிறேன். பைத்தான் நிரல்மொழி, தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல்., இயந்திரக் கற்றலின் அடிப்படைகள் தெரியும். எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் ஒருவர் வங்கியொன்றின் தரவுப் பிரிவில் பணிபுரிகிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் எனக்கு மென்டராக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் சந்திப்பில் "அடுத்து எதைப் படிக்க வேண்டும், சார்?" என்று கேட்டேன், ஒரு பட்டியல் தந்தார். அடுத்த சந்திப்பில் என்ன கேட்பதென்றே தெரியவில்லை. அவரிடமிருந்து எப்படிக் கற்றுக்கொள்வது? அவருடைய வங்கியில் வேலைக்குப் பரிந்துரைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்:

கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதற்குக் காரணம் எளியது. நீங்கள் வெறுங்கையோடு போயிருக்கிறீர்கள். எதைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்பதற்கெல்லாம் இன்று பஞ்சமே இல்லை. ஐஐடி மெட்ராஸ் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பின் பாடங்கள் யூடியூபில் திறந்தே கிடக்கின்றன. சென்னைக் கணிதக் கழகத்தின் முதுகலைப் பாடத்திட்டத்தை அதன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். இவற்றைத் தெரிந்துகொள்ள, வேலை முடித்துக் களைப்போடு வந்து உட்காரும் ஒரு மனிதரின் முக்கால் மணி நேரத்தைச் செலவழிக்கக் கூடாது.

அவரால் மட்டும் தரக்கூடியது ஒன்று இருக்கிறது. நீங்கள் செய்துமுடித்த ஒரு வேலையைப் பார்த்து, எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று சொல்லும் பழகிய கண். அந்தக் கண் வேலை செய்ய வேண்டுமானால் அதன் முன்னால் ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு சந்திப்புக்கும் சிறியதாக, ஆனால் முடிந்ததாக ஒரு வேலையைக் கொண்டுபோங்கள். பல ஆண்டுகளாக மாணவர்களின் நோட்புக்குகளை (நிரலும் அதன் விளைவும் சேர்ந்திருக்கும் கணினிக் கோப்புகளை) படித்து வருகிறேன். முன்னேறியவர்கள் எல்லோரிடமும் நான் கண்ட பொதுவான பழக்கம் இது ஒன்றுதான்.

பொதுவாகப் பேசினால் புரியாது. ஒரு நிஜத் தரவை எடுத்துக்கொள்வோம். நீரிழிவைக் கணிப்பதற்கான பீமா தரவுத்தொகுப்பை வகுப்பில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா பழங்குடியைச் சேர்ந்த, 21 வயது நிரம்பிய பெண்கள் 768 பேரின் பதிவுகள். அவர்களில் 268 பேருக்கு நீரிழிவு. மீதி 500 பேருக்கு இல்லை. ஒரு மாணவர் இதில் மாடல் (இருக்கும் தரவிலிருந்து கற்றுப் புதியவருக்குக் கணிக்கும் நிரல்) கட்டி, "துல்லியம் 77 விழுக்காடு வருகிறது, சார், இதை எப்படி 85 ஆக்குவது?" என்று கேட்டு வருகிறார் என்று வையுங்கள். இந்தக் கேள்விக்கு நல்ல மென்டர் பதில் சொல்லமாட்டார். நோட்புக்கை மேலே தள்ளிக்கொண்டு போய், தரவின் சுருக்கப் புள்ளிவிவரம் அச்சாகியிருக்கும் இடத்தில் நிறுத்துவார். "ரத்த அழுத்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 0 என்று இருக்கிறதே, உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அது எப்படி வரும்?" என்று கேட்பார்.

அப்போதுதான் மாணவர் எண்ணிப் பார்ப்பார். ரத்த அழுத்தம் 35 பேருக்கு 0. உடல் நிறைக் குறியீடு 11 பேருக்கு 0. குளுக்கோஸ் 5 பேருக்கு 0. தோல் மடிப்பின் தடிமன் 227 பேருக்கு 0. இன்சுலின் 374 பேருக்கு 0, அதாவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு. இவை அளவீடுகளே இல்லை. அளக்காமல் விட்ட இடத்தில் யாரோ 0 போட்டிருக்கிறார்கள். அதே அட்டவணையில் கருவுற்ற எண்ணிக்கை என்று ஒரு நெடுவரிசை உண்டு. அங்கே வரும் 0 உண்மையான 0. இரண்டு இடத்திலும் ஒரே எண் இருக்கிறது. எது மதிப்பு, எது வெற்றிடம் என்பதைப் பைத்தான் சொல்லாது. உடலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த மனிதர் யோசித்தால்தான் தெரியும்.

அடுத்த கேள்வி: "எல்லோருக்கும் நீரிழிவு இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் துல்லியம் எவ்வளவு வரும்?" 768இல் 500 என்றால் 65 விழுக்காடு. ஆக, அந்த 77 விழுக்காட்டில் மாடல் சம்பாதித்தது 12 புள்ளிகள்தான். மூன்றாவது: "இந்த வெற்றிடங்களைச் சராசரியால் நிரப்பினால், அதைத் தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பதற்கு முன் செய்வாயா, பின் செய்வாயா?" மாடல் ஒரு பகுதியில் கற்று, அது பார்க்காத மறுபகுதியில் சோதிக்கப்பட வேண்டும்; முன்பே நிரப்பினால், சோதனைக்கென்று மூடி வைத்திருக்க வேண்டிய வரிசைகளின் மதிப்புகள் பயிற்சிக்குள் கசிந்துவிடும். நான்காவது: "நீரிழிவு இருப்பவரை இல்லை என்பதும், இல்லாதவரை இருக்கிறது என்பதும் ஒரே அளவு தவறா?" ஒன்றில் நோயாளி சிகிச்சையில்லாமல் வீட்டுக்குப் போகிறார், மற்றதில் இன்னொரு ரத்தப் பரிசோதனையோடு முடிகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் துல்லியம் என்ற அளவுகோலே இந்த வேலைக்குப் பொருந்துமா என்று அங்கேதான் சந்தேகம் எழ வேண்டும். கடைசியாக: "இந்த மாடலை மதுரையில் ஓர் ஆண் நோயாளிக்குப் பயன்படுத்தலாமா?" தரவில் ஓர் ஆண்கூட இல்லை.

பாருங்கள், இந்த ஐந்து கேள்விகளில் எதற்கும் புதிய அல்காரிதம் தேவைப்படவில்லை. 85க்கு வழி கேட்டு வந்தவர், தன் 77ஐயே நம்பலாமா என்று யோசித்தபடி திரும்புகிறார். இதுதான் கற்றல். உங்கள் மென்டர் சொல்லும் பதில்களைக் குறித்துக்கொள்வதைவிட அவர் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கென ஒரு நோட்டு வையுங்கள். அடுத்த வேலையை அவரிடம் காட்டுவதற்கு முன் அந்த நோட்டைத் திறந்து, பழைய கேள்விகள் ஒவ்வொன்றையும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கேட்கப்போவது முன்கூட்டியே தெரியத் தொடங்கினால், நீங்கள் சரியான பாதையில் போகிறீர்கள்.

தரவு கசிவதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மாணவர்கள் இதைப் பாடப்புத்தகச் சங்கதி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். மார்பு எக்ஸ்ரே படங்களின் புகழ்பெற்ற தரவுத்தொகுப்பு ஒன்றில் 1,12,120 படங்கள் உள்ளன. ஆனால் நோயாளிகள் 30,805 பேர்தான். படங்களைக் குலுக்கிப் பிரித்தால் ஒரே ஆளின் ஒரு படம் பயிற்சியிலும் இன்னொரு படம் சோதனையிலும் போய் விழும். மாடல் நோயைக் கற்காமல் ஆளின் நெஞ்சுக்கூட்டை அடையாளம் கண்டுகொண்டே நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று 2017இல் இந்தத் தரவை வைத்து வெளியிட்ட கட்டுரையின் முதல் வடிவம் பற்றி இதே கேள்வியை வெளியாள் ஒருவர் எழுப்பினார். பிறகு ஒரு நோயாளியின் படங்கள் இரண்டு பக்கமும் வராதபடி பிரித்துத் திருத்திய வடிவத்தை அக்குழு வெளியிட்டது. கைதேர்ந்தவர்களுக்கும் வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண் தேவைப்படுகிறது என்பதை மனதில் வையுங்கள்.

உங்கள் மென்டர் வங்கியில் இருக்கிறார் என்பது உங்களுக்குக் கிடைத்த வரம். கடன் தரவு போல ஒருவரைப் பக்குவப்படுத்தும் தரவு குறைவு. அவருடைய வங்கியின் தரவையோ மாடலையோ காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள்; காட்டினால் அவர் வேலைக்கே ஆபத்து, வாடிக்கையாளருக்கு அநியாயம். ஆனால் எண்களே இல்லாமல் அவரால் சொல்ல முடிந்தவை ஏராளம். "கடன் தவறியவர் என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள், அதை யார் முடிவு செய்தது?" என்று கேளுங்கள். இந்தியாவில் தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அந்தக் கடன் வாராக்கடன் என்ற கணக்குக்குப் போகிறது. ஆனால் 60 நாள் தாமதித்து, பிறகு கட்டிவிட்டவர் மாடலின் பார்வையில் நல்லவரா, கெட்டவரா? தரவுப் போட்டிகள் நடக்கும் காகிள் இணையதளத்தில் கிடைக்கும் தரவில் 0, 1 என்று இரண்டே மதிப்புகள் அழகாக எழுதியிருக்கும். அந்த 0க்கும் 1க்கும் பின்னால் பல பேர் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இருக்கிறது என்பது அவரைப் போன்ற ஒருவரிடம் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்றும் கேளுங்கள்: "கடன் மறுக்கப்பட்டவர்கள் தரவில் எங்கே இருக்கிறார்கள்?" கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்டினார்களா என்பது வங்கிக்குத் தெரியும். மறுக்கப்பட்டவர்கள் கட்டியிருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே, நேற்று அதிகாரிகள் யாரை நம்பினார்களோ அவர்களை மட்டும் பார்த்து வளர்ந்த மாடல், நாளை எல்லா விண்ணப்பதாரர்களையும் எடைபோடப் போகிறது. முன்பு கடனே கிடைக்காத ஒரு ஊர், ஒரு தொழில், ஒரு சமூகம் அதில் இடம்பெறவே இல்லை. இதை வங்கியில் இருப்பவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள், எங்கே கையாள முடியாமல் நிற்கிறார்கள் என்று அவர் சொல்லக் கேட்கும் அரை மணி நேரம், எத்தனையோ பாட வீடியோக்களுக்குச் சமம். எனக்கு இந்தத் துறை மீது மதிப்பு வந்ததே இப்படிப்பட்ட உரையாடல்களில்தான்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். சந்திப்புக்கு இரண்டு நாள் முன்னதாக அவருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன கேள்விக்கு விடை தேடினேன், தரவு எங்கிருந்து வந்தது, என்ன செய்தேன், என்ன கிடைத்தது, எந்த இடத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை. இந்தக் கடைசி வரிதான் மிக முக்கியமானது. பெரும்பாலான மாணவர்கள் அதைத்தான் மறைக்கிறார்கள். தடுமாறிய இடத்தைச் சொன்னால் மென்டர் நேராக அங்கே போவார். சொல்லாவிட்டால் அதைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். நோட்புக்கை இணைப்பதற்கு முன் கெர்னலை (நோட்புக்கின் நிரலை இயக்கும் பகுதியை) மறுபடி தொடங்கி, முதல் செல்லிலிருந்து (நிரல் துண்டிலிருந்து) கடைசிவரை ஒரே ஓட்டமாக ஓடுகிறதா என்று பாருங்கள். முன்னும் பின்னுமாக ஓட்டியதால் மட்டும் வேலை செய்யும் நோட்புக் மற்றவருடைய கணினியில் முதல் நிமிடத்திலேயே நின்றுவிடும். சந்திப்பு முடிந்த அன்றே, என்ன பேசினோம், அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று நான்கைந்து வரி அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை அதைச் செய்துகாட்டுங்கள். மென்டர்கள் விலகிப்போவது பெரும்பாலும் மாணவருக்கு அறிவு போதாததால் இல்லை. சொன்னது ஒன்றும் நடக்கவில்லை என்ற சலிப்பால்தான்.

மாடல் தவறிய இடங்களைக் கையால் படிக்கும் பழக்கத்தையும் அவரோடு சேர்ந்து செய்து பாருங்கள். தவறாகக் கணிக்கப்பட்ட 20 வரிசைகளைத் திரையில் போட்டு, ஒவ்வொன்றாக, "இதில் ஏன் தவறியது?" என்று இருவரும் யோசியுங்கள். அனுபவசாலி ஒருவர் ஒரு வரிசையைப் பார்த்து, "இந்த ஆளுக்கு வயது 22, பணி அனுபவம் 15 வருடம் என்று இருக்கிறதே" என்று சட்டென்று சொல்லும் வேகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும்.

இது நம் நாட்டில் புதிதாக வந்த முறையில்லை. இந்தியப் புள்ளியியலே இப்படித்தான் வளர்ந்தது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பி.சி. மகலனோபிஸ் 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். வங்காளத்தின் சணல் விளைச்சலை மதிப்பிட அவருடைய ஆட்கள் வயல் வயலாகப் போனார்கள். மிகச் சிறிய துண்டு நிலத்தில் பயிரை அறுத்து அளந்தால் விளைச்சல் கூடுதலாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் செடியை உள்ளே சேர்த்துக்கொள்ளும் மனிதக் கைதான் அதற்குக் காரணம். தரவு எப்படி உருவானது என்று கேட்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அந்தக் கழகத்தில் 1941இல் பயிற்சிக்குச் சேர்ந்த இளைஞர் சி.ஆர். ராவ். கணிதத்தில் பட்டம் பெற்றவர். புள்ளியியலை அங்கே வேலையோடு வேலையாகக் கற்றார். 1946இல் மகலனோபிஸ் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார், அங்குள்ள அருங்காட்சியகத்தில் சூடானிலிருந்து வந்த பழங்கால எலும்புக்கூடுகளின் அளவீடுகளை ஆராய்வதற்காக. அந்த வேலையைச் செய்துகொண்டே புள்ளியியல் மேதை ஆர்.ஏ. பிஷரின் மேற்பார்வையில் முனைவர் பட்டம் பெற்றார். ராவைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு, மாணவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அவர் பாடம் நடத்தியபோது, மாதிரி (ஆய்வுக்காக எடுக்கும் தரவு) மிகப் பெரிதாக இருந்தால் பொருந்தும் ஒரு முடிவை விளக்கினார். வகுப்பிலிருந்த வி.எம். தண்டேகர் எழுந்து, "மாதிரி சிறிதாக இருந்தாலும் இதை நிரூபிக்க முடியாதா?" என்ற பொருளில் கேட்டார். அன்றிரவே ராவ் உட்கார்ந்து போட்டுப் பார்த்து நிரூபித்துவிட்டார். 1945இல் வெளியான அந்த முடிவைத்தான் இன்று உங்கள் பாடத்தில் கிராமர்–ராவ் எல்லை என்று, அதாவது தரவிலிருந்து செய்யும் மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதன் எல்லையாகப் படிக்கிறீர்கள். மென்டரிடம் கேட்டால் அசட்டுத்தனமாகிவிடுமோ என்று தயங்கும்போது தண்டேகரை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல கேள்வி ஆசிரியருக்கும் வேலை கொடுக்கிறது.

ராவின் மாணவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த எஸ்.ஆர்.எஸ். வரதன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுக் கல்கத்தா போனபோது தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுப் புள்ளியியல் பக்கம்தான் அவருக்கு எண்ணம். அவரை நிகழ்தகவுக் கணிதத்தின் பக்கம் இழுத்தவர்கள் அவருக்குச் சற்று மூத்த ஆய்வு மாணவர்களான பார்த்தசாரதி, ரங்கா ராவ், வரதராஜன் ஆகியோர். 2007இல் வரதனுக்குக் கணிதத்தின் உயரிய விருதான ஏபெல் பரிசு கிடைத்தது. ஆகவே முக்கால் மணி நேர மென்டர் ஒருவரை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் விடுதியில், வகுப்பில், ஒரு வருடம் மூத்தவர்களில் தீவிரமாகப் படிக்கும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒருமுறை ஒருவர் வேலையை மற்றவர் அலசுங்கள். மென்டரிடம் கற்ற கேள்விகளை அங்கே பயன்படுத்திப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நிரல் எழுத அவற்றைப் பயன்படுத்துங்கள். பிழைச் செய்தி வந்தால் முதலில் அங்கேயே கேட்டுச் சரிசெய்துவிடுங்கள். மென்டரின் நேரம் அதற்கில்லை. ஆனால் எந்தப் பகுதி கருவி எழுதியது என்பதை அவரிடம் மறைக்காதீர்கள். "இந்த வரி ஏன்?" என்று அவர் கேட்டு நீங்கள் விழித்தால், அதன் பிறகு உங்கள் வேலையில் எதையும் அவரால் நம்ப முடியாது. உங்களால் விளக்க முடியாத ஒரு வரிகூட நீங்கள் அனுப்பும் நோட்புக்கில் இருக்கக் கூடாது.

மென்டர் சொன்னது சரியில்லை என்று தோன்றினால் என்ன செய்வது? நம் ஊரில் பெரியவரை மறுத்துப் பேசக் கூடாது என்றே வளர்ந்திருக்கிறோம். இந்தத் துறையில் மரியாதையோடு மறுக்க ஓர் அருமையான வழி உண்டு: செய்து பார்ப்பது. வெற்றிடத்தை இடைநிலை மதிப்பால் நிரப்பு என்று அவர் சொன்னார், வெற்றிடமாக இருப்பதே ஒரு தகவல் என்று உங்களுக்குப் படுகிறது என்றால், இரண்டையும் செய்து, ஒரே சோதனைத் தரவில் ஒப்பிட்டு, "சார், இரண்டையும் பார்த்தேன், இப்படி வந்தது" என்று காட்டுங்கள். நல்லவராக இருந்தால் மகிழ்வார். முகம் சுளித்தால், அவரிடம் கற்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, நன்றியோடு அந்த எல்லைக்குள் கற்றுக்கொள்ளுங்கள்.

அவரோடு தமிழில் பேசத் தயங்க வேண்டாம். யோசனை தெளிவாக ஓடும் மொழியில் பேசினால்தான் குழப்பம் எங்கே என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்; நேர்முகத் தேர்வில் கைகொடுக்கும்.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு இப்படி ஒருவர் கிடைத்திருக்கமாட்டார். பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு உத்தரவாதம் தரும் மென்டர் திட்டங்களில் அவசரப்பட்டுச் சேர வேண்டாம். உங்கள் வேலையை வரிவரியாகப் படிப்பார்களா என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறமூல மென்பொருள் திட்டங்கள் இலவசமாகவே இதைச் செய்கின்றன. நீங்கள் தினமும் பயன்படுத்தும் இயந்திரக் கற்றல் நூலகமான சைகிட்-லேர்ன் 2007இல் கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்ற திட்டத்தின் கீழ் டேவிட் கூர்னபோ தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது. அத்திட்டத்தில் பங்கேற்பவர் ஒவ்வொருவருக்கும் மென்டர் உண்டு. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இத்தகைய நூலகங்களின் விளக்கக் குறிப்பில் ஒரு சிறு திருத்தம் அனுப்பிப் பாருங்கள். முகம் தெரியாத ஒருவர் உங்கள் வரிகளைப் படித்து, இதை மாற்று, அதற்குச் சோதனை எழுது என்று திருப்பி அனுப்புவார். அதுவும் மென்டரிடம் கற்பதுதான்.

கடைசியாக, வேலைப் பரிந்துரை. கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். ஆனால் மூன்றாவது சந்திப்பில் கேட்காதீர்கள். பரிந்துரைப்பவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். உங்கள் வேலையில் இரண்டு மூன்றையாவது ஆழமாகப் பார்த்திருந்தால்தான் அவரால் அதைச் செய்ய முடியும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "உங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒருவரிடம் எதை எதிர்பார்ப்பீர்கள், என்னிடம் அதில் எது குறைகிறது?" அவர் சொன்ன குறையைச் சில மாதங்களில் சரிசெய்து காட்டிவிட்டுக் கேளுங்கள். கேட்கும்போது "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். குறிப்பிட்ட பதவியின் அறிவிப்பு, ஒரு பக்க ரெஸ்யூமே, அவர் பார்த்துத் திருத்திய வேலையின் கிட்ஹப் இணைப்பு ஆகிய மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து அனுப்புங்கள். விருப்பமிருந்தால் அவர் அதை அப்படியே தன் மேலாளருக்கு அனுப்பிவிடலாம்.